பச்சை அலையின் ஊர்

மைதானத்து வாசலில் பெரிய அலுமினிய அண்டா ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கியதும் எழுந்த ஆவியிலேயே உள்ளே வேகிறது என்னவென்று தெரிந்துவிட்டது. தோலோடு, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் கூம்புக் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதேதான். பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சம்மர்வில் என்ற ஊரில் அது என் முன்னால் வெந்துகொண்டிருந்தது.

“இங்க இதுதாம்மா மாநிலத்தோட அதிகாரபூர்வத் தின்பண்டம்” என்றாள் மகள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, 2006-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அண்டாவுக்குப் பின்னால் நின்ற முதியவர், கறுப்பினத்தவர், எழுபது வயதிருக்கும், பையை என் கையில் கொடுத்து, “சூடு, பார்த்து, மேம்” என்றார். நான் ஒரு கடலையை விரலால் அழுத்திப் பிளந்து, உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு வாயில் போட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வெளியூர்க்காரங்களுக்கு இதை உரிக்கச் சொல்லித் தரணும். உங்களுக்கு வேண்டியதில்லை” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அமெரிக்கர்களின் ஃபுட்பாலுக்குக் கிழமை உண்டு: வெள்ளி பள்ளிக்கூடங்களுக்கு, சனி கல்லூரிகளுக்கு, ஞாயிறு காசுக்கு ஆடுகிறவர்களுக்கு. பெயர் ஃபுட்பால் என்றாலும் இது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் பெரும்பாலும். “நிலம் பிடிக்கிற ஆட்டம்னு வச்சுக்குங்க அத்தை” என்று மருமகன் சுருக்கமாகச் சொன்னார். 100 கெஜ நீளக் களம். ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு; அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறு புள்ளி. சடுகுடு பார்த்து வளர்ந்த எனக்கு இது புரியாமல் போகவில்லை. கோட்டைத் தாண்டுவதும், தாண்டவிடாமல் மடக்கிப் பிடிப்பதும் நாம் அறிந்ததுதானே.

எனக்குப் புரியாதது வேறு. பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. கைக்குழந்தைக்காரிகள், ஊன்றுகோல்காரர்கள், பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர். எல்லார் மேலும் ஏதோ ஒரு பச்சை. அணியின் பெயர் பச்சை அலை. களத்துக்குச் சூட்டியிருக்கும் பெயர் ஜான் மெக்கிஸ்ஸிக். யார் அவர், ஊருக்கு நிலம் கொடுத்த பிரபுவா என்று கேட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். எண்பதைத் தாண்டியவர், பச்சைக் கம்பளியை மடியில் போர்த்தியிருந்தார்.

“கோச்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், கொஞ்ச நேரத்துக்கு.

*

ஜான் மெக்கிஸ்ஸிக் இந்த ஊருக்கு வந்தது 1952-இல். வயது 25. அதே மாநிலத்தின் பிரெஸ்பிட்டீரியன் கல்லூரியில் படித்துவிட்டு, பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்குச் சம்மர்வில்லின் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். வந்தவர் 2014 ஆட்டப் பருவம்வரை அதே பள்ளியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 63 பருவங்கள். 1952 என்றால் நமக்குப் ‘பராசக்தி’ வந்த வருஷம். சிவாஜி என்ற புதுப்பையன் திரையில் தோன்றி, வளர்ந்து, ஆண்டு, ஓய்ந்து, 2001-இல் மறைந்தும் போனார். அதற்குப் பிறகும் பதின்மூன்று வருஷம் இந்த மனிதர் அதே கோட்டோரத்தில் நின்றிருக்கிறார். அமெரிக்காவில் ட்ரூமனிலிருந்து ஒபாமாவரை பன்னிரண்டு அதிபர்கள் மாறியிருக்கிறார்கள்.

அவர் பள்ளி ஆடிய ஆட்டங்களில் 621 வெற்றி, 155 தோல்வி, 13 சமன். 1993-இல் டெக்சாஸ் மாநிலத்துப் பயிற்சியாளர் கார்டன் வுட்டின் 405 வெற்றிகளைக் கடந்தார். 2003-இல் 500. 2012 அக்டோபரில், 86 வயதில், 600. பள்ளி, கல்லூரி, தொழில்முறை எதை எடுத்துக்கொண்டாலும், அவர் ஓய்வுபெற்றபோது அத்தனை வெற்றி கண்ட அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் வேறு எவரும் இல்லை. தொழில்முறை அணிகளில் முதலிடத்தில் இருக்கும் டான் ஷூலாவுக்கே 347தான்.

இந்த எண்களை மருமகன் பெருமையோடு அடுக்கினார். எனக்கு நின்றது வேறொரு கணக்கு. மெக்கிஸ்ஸிக்கின் அணி பத்து முறை மாநிலக் கோப்பை வென்றது. முதல் மூன்றும் வரிசையாக 1955, 1956, 1957. அடுத்தது 1978. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கோப்பையும் இல்லை! முப்பது வயதில் மூன்று கோப்பை கண்டவர் ஐம்பதைத் தாண்டும்வரை நான்காவதைக் காணவில்லை. ஊர் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரும் பெரிய இடம் தேடிப் போகவில்லை. கடைசிக் கோப்பை 1998. அதற்குப் பிறகும் பதினாறு பருவங்கள். வெற்றி ஒருவரைக் கட்டிப்போடும் என்பது தெரியும். வெற்றி வராத இருபது வருஷம் ஒருவரையும் ஒரு ஊரையும் எது சேர்த்துக் கட்டியது?

அந்த அம்மாள் கோட்டோரத்தைக் காட்டினார். “எத்தனை பேர் நிக்கறாங்க, எண்ணிப் பாரேன்.”

களத்தில் ஒரு அணிக்கு 11 பேர். கோட்டோரம் பச்சைச் சட்டையில் நின்றவர்களை நான் எழுபதுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். மலைபோலச் சிலர். சிலருக்குத் தோள்கவசம் காதைத் தொட்டது; ஹெல்மெட்டுக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

“கோச் யாரையும் கழிச்சதே இல்ல” என்றார். “ஆட வந்த பிள்ளைக்குச் சட்டை உண்டு. அவ்வளவுதான் விதி. என் வீட்டுக்காரர் அம்பதுகள்ல அவர்கிட்ட ஆடினார். என் மகன் எண்பதுகள்ல. ரெண்டு பேரும் பெரிய ஆட்டக்காரங்க இல்ல.” பிறகு கோட்டோரத்தின் கோடியில், தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஒல்லிப் பையனைக் கண்ணால் காட்டினார். “அது பேரன். அவன் கோச்சைப் பார்த்ததுகூட இல்லை.”

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மலையூர்ப் பெண்கள் பள்ளியில் வாலிபால் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு மாதம் தினமும் பள்ளி விட்டபின் நின்று பயிற்சி செய்தேன். கடைசியில் பன்னிரண்டு பெயர் படித்தார்கள். நான் பதின்மூன்றாவதாக இருந்திருக்கலாம், முப்பதாவதாகவும் இருந்திருக்கலாம். அது தெரிய வழியில்லை. பன்னிரண்டோடு தாளை மடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் பந்தையும் தொடவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, மொழி தெரியாத ஆட்டம் ஒன்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு, படிக்கப்படாத அந்தப் பெயரை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இதை வெறும் நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அதில் ஒரு தொழில்நுட்பமும் இருக்கிறது. பதினாலு வயதில் குச்சியாக வருகிற பையன் பதினேழில் ஆறடி ஆகலாம். கழித்துவிட்டால் அந்தப் பதினேழு வயதுக்காரன் உங்களிடம் இருக்கமாட்டான். எழுபது பேர் இருந்தால் தினசரிப் பயிற்சியிலேயே எதிரணியை நிறுத்தி ஆடிப் பார்க்கலாம். அறுபது வருஷம் யாரையும் கழிக்காவிட்டால், ஊரில் கோச்சின் சட்டையைப் போடாத வீடு என்று ஒன்று மிஞ்சாது. இருபது வருஷம் கோப்பை வராதபோது அந்த வீடுகள்தான் தூணாக நின்றிருக்க வேண்டும். என் ஊகம்தான். ஆனால் அந்த மரப்படிகளில் உட்கார்ந்து பார்த்தபோது வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில் ஒருவர் என்று சொல்லமுடியாத அபூர்வங்களும் கோச்சிடம் வந்தன. ஏ.ஜே. கிரீன் இந்த ஊர்ப் பிள்ளை. 2011-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது நாட்டிலேயே நான்காவதாகத் தேர்வானவர். சின்ன வயதில் பள்ளியில் பல பந்துகளைத் தூக்கிப்போட்டு மாற்றி மாற்றிப் பிடிக்கும் வித்தை கற்றாராம். பின்னாளில் பந்து அவர் கையில் ஒட்டிக்கொண்டதற்கு அந்த வித்தையும் ஒரு காரணம் என்பார்கள். அவருக்கும், ஒருநாளும் ஆட்டத்தில் இறங்காத பையனுக்கும் ஒரே பச்சைச் சட்டை.

*

சம்மர்வில் நிற்கிற மரத்தை வெட்டாத ஊர். 1847-லேயே, அனுமதி இல்லாமல் பைன் மரத்தை வெட்டினால் அபராதம் என்று சட்டம் போட்டவர்கள். ஊரின் முத்திரையிலேயே ‘பைன் மரம் புனிதமாக இருக்கட்டும்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். சாலைகள் மரத்துக்கு வழிவிட்டு வளைகின்றன. சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வெக்கைக்கும் கொசுவுக்கும் தப்பி வந்தவர்கள் கட்டிய ஊர் இது. பைன் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நோயாளிகளும் வந்து தங்கியிருக்கிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பைன் அல்ல, தேயிலை.

அப்பா டீ ஃபாக்டரியில் கணக்கராக இருந்தவர். கவாத்து வெட்டிய செடியின் வாசம் எனக்குத் தாய்வீட்டு வாசம். அமெரிக்காவில் தேயிலையா என்று நம்பமுடியாமல்தான் கேட்டேன். 1888-இல் சார்ல்ஸ் ஷெப்பர்டு என்ற வேதியியல் அறிஞர் இதே சம்மர்வில்லில் பைன்ஹர்ஸ்ட் என்ற தோட்டம் போட்டார். அங்கே விளைந்த ஊலாங் தேயிலை 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. 1915-இல் அவர் இறந்ததோடு தோட்டமும் நின்றுபோனது. செடிகளை யாரும் பிடுங்கவில்லை, கவாத்தும் செய்யவில்லை. தேயிலையை அப்படி விட்டுவிட்டால் என்னாகும் என்று நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். இடுப்பளவுச் செடி மரமாகிவிடும். 48 வருஷம் அவை காடாகி நின்றன. 1963-இல்தான் லிப்டன் நிறுவனம் அவற்றைத் தோண்டி எடுத்து, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே வாட்மலா தீவில் கொண்டுபோய் நட்டது. அப்படியானால் இளைஞன் மெக்கிஸ்ஸிக் இந்த ஊருக்கு வந்தபோது, பைன் காட்டுக்கு நடுவே, யாரும் பறிக்காத கொழுந்து வருஷா வருஷம் துளிர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் வாட்மலாவுக்குப் போனோம். கடல்மட்டத்தில், ஓக் மரங்களில் தாடிபோலப் பாசி தொங்கும் தட்டை நிலத்தில், மேசை மட்டத்துக்கு வெட்டிய தேயிலை வரிசைகள். மேடு இல்லை, மூடுபனி இல்லை, தலையில் கூடை மாட்டிய பெண்களும் இல்லை. பருத்தி, புகையிலை அறுக்கும் யந்திரங்களைக் கலந்து செய்த ஒரு பெரிய வண்டி வரிசைமேல் நகர்ந்து கொழுந்தை மட்டும் சீவிக்கொண்டு போகுமாம். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். கண்ணை மூடினால் குன்னூர்.

ஷெப்பர்டு தன் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடமும் வைத்திருந்தார். கறுப்பினத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு. படிப்புச் சொல்லிக்கொடுத்து, தேயிலையும் பறிக்கவைத்தார். அது கருணையா, கூலிக்கு ஆள் சேர்க்கும் வழியா என்று நான் இரண்டு பக்கமும் யோசித்தேன். தோட்டத்துப் பள்ளிகளை நேரில் பார்த்தவளுக்கு விடை அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை.

*

ஷெப்பர்டின் அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது கடலைக்காரர்தான். வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் நான் இரண்டாவது பை வாங்கப் போயிருந்தேன். களத்தில் பள்ளியின் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது.

“இந்த மைதானத்துல நான் ஆடியிருக்கேன், மேம்” என்றார். “என் அண்ணன் ஆடல. என்னைவிட வேகமா ஓடுவான். அவன் படிச்சது ஆல்ஸ்டன்ல.”

ஆல்ஸ்டன் என்பது ஊரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. இனப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்புச் சொன்னது. மெக்கிஸ்ஸிக் வந்து இரண்டே வருஷம். ஆனால் தெற்கத்தி மாநிலங்கள் இழுத்தடித்தன. தென் கரோலினாவில் பள்ளிகள் முழுதாக ஒன்றுசேர 1970 ஆகிவிட்டது. மூன்று கோப்பை வாங்கிய அந்தப் பழைய அணிகளின் படங்களில் இருக்கும் முகங்கள் எல்லாம் வெள்ளை முகங்கள்தான். யாரையும் கழிக்காத கோச்சின் விதி, அவருக்கு முன்பே ஊர் கழித்துவிட்ட பிள்ளைகளை எட்டவில்லை. இதை எழுதாமல் அவரைப் பற்றி எழுதுவது சரியாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

“சேர்ந்த புதுசுல எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

அவர் கரண்டியால் அண்டாவைக் கிளறினார். “பள்ளிக்கூட வராந்தாவுல கஷ்டம். சாப்பிடற இடத்துல கஷ்டம். இங்க வந்தா கோச் ஓடுன்னுவார். எல்லாரையும் ஒரே மாதிரி ஓடவிடுவார். ஆகஸ்ட் வெயில்ல ஓடி ஓடி வாந்தி எடுக்கறப்போ பக்கத்துல எவன் வாந்தி எடுக்கறான்னு யார் பார்க்கறா?” அண்ணன் இப்போது இல்லை என்றும் சொன்னார். பைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

*

இந்த ஆட்டத்தின்மேல் எனக்குப் பயமும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதும் சத்தம் மரப்படிவரை கேட்கிறது. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையை என்ன செய்கிறது என்று மருத்துவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் பையன்கள் பலவீனமாகிவிடுவார்கள் என்று நம்பிய பயிற்சியாளர்கள் இந்த நாட்டில் ஒருகாலத்தில் ஏராளம். அது அத்தனையும் மாறிவந்த அறுபது வருஷத்தைத்தான் அந்த மனிதர் ஒரே கோட்டோரத்தில் நின்று கடந்திருக்கிறார். ஊர் ஐம்பதாயிரம் பேராகப் பெருத்தது. ஒரே பள்ளியாக இருந்த இடத்தில் 1992-இல் இன்னொன்றும் 2008-இல் மூன்றாவதும் வந்தன. தன் 600-ஆவது வெற்றியை அந்த மூன்றாவது பள்ளியோடு மோதித்தான் பெற்றார். அவர் வந்தபோது அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள்கூட ஒருவேளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். 2015-இல் விலகியபோது பொறுப்பை வாங்கிக்கொண்டவர் அவர் மகள் வயிற்றுப் பேரன். 2019 நவம்பர் 28, அமெரிக்கர்கள் நன்றி சொல்லும் திருநாளன்று, 93 வயதில் மெக்கிஸ்ஸிக் காலமானார்.

ஊரில் அறுபது வயதுக்காரர்கள்கூட அவரைப் பெயர் சொல்வதில்லை. வங்கியில் வரிசையில் நிற்பவர், தீயணைப்பு வீரர், பல் மருத்துவர், எல்லாருக்கும் அவர் கோச். நாம் ‘சார்’ என்று சொல்லும்போது அது எந்த சார் என்று கேட்க வேண்டியிருக்கும். இங்கே யாரும் கேட்பதில்லை.

*

கடைசிக் கால்பகுதியில் பச்சை அலை நன்றாக முந்திவிட்டது. மருமகன் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் கலையப்போகும் சலசலப்பு. நான் எழுந்தேன். பக்கத்து அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு. இப்பத்தான்.”

களத்திலிருந்து மலைபோன்றவர்கள் வெளியே வந்தார்கள். கோட்டோரத்திலிருந்து வேறு பையன்கள் ஓடினார்கள், தோள்கவசம் காதைத் தொடுகிற பையன்கள். தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவனும் ஓடினான், ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே. அவன் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அந்த அம்மாள் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து வரிசை, அவனுக்கு எந்த உறவும் இல்லாதவர்கள், எழுந்து நின்றார்கள்.

மூன்று முறை பந்து நகர்ந்தது. மூன்று முறையும் பந்து அவன் பக்கமே போகவில்லை. மூன்றாவது முறை எதிரணியின் பெரிய பையன் ஒருவன் அவனை அப்படியே தூக்கிப் புல்லில் போட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் எழுந்தான். விசில் ஊதியது. இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்கிவிட்டு வந்தபோது அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் படிகளைப் பார்த்தான். வலது தோளிலிருந்து இடுப்புவரை நீளமாக ஒரு புல்கறை.

“அதைத் துவைக்க விடமாட்டான்” என்றார் பாட்டி. “அவங்க அப்பனும் விடல.”

பையில் மிஞ்சியிருந்த கடலையை அவர் மடியில் கொட்டினேன். விளக்குகள் அணையும்வரை இருவரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தோம்.